அடுப்படி போன்

பழைய செல்போனத் துண்டுல சுத்தி ஒயர் கூடைக்குள்ள அடியில போட்டு, அதுக்கு மேல தண்ணி பாட்டில, அதுக்கும் மேல குடைய வச்சு அமுக்கியிருக்கேன். இங்கன வச்சு அது வாயத் தெறந்துரக் கூடாது. இம்புட்டுச் சனம் உக்காந்திருக்கு, ஃபேன் சத்தம் ஒண்ணுதான் கேக்கு, ஆளாளுக்கு டோக்கன கையில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல இருக்கிற மாதிரி மூஞ்சிய வச்சிருக்காக. ஆஸ்பத்திரிய இப்ப எதுக்கு நெனைக்கேன். இது ஆதார் மையம். இங்க ஒரு வியாதியும் கெடையாது. கார்டுல உள்ள போன் நம்பர மாத்தணும், மாத்திட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரணும், அவ்வளவுதான் வேல. ஆப் பண்ணிக் கொண்டு போளான்னு எங்க வீட்டுக்காரக வாசல்ல நின்னு சொன்னாக. நானும் பக்கத்துல உள்ள பட்டன அமுக்கத்தான் செஞ்சேன். ஆப் பண்ணவான்னு அது எங்கிட்ட கேட்டுச்சு. கேக்காம அணைஞ்சிருந்தா விட்டிருப்பேன். எங்கிட்ட கேட்டா நான் என்னத்தச் சொல்ல. வேண்டாம்னு அமுக்கிட்டுத் துண்டுல சுத்திட்டேன். அதுவும் போக, பழைய நம்பரு போனு எங்கன்னு கவுண்டர்ல கேட்டா, வீட்டுல கெடக்குன்னு சொல்லி இன்னொரு நாள் அலையவா. அப்படித்தான் அவுககிட்ட சொன்னேன். பொய்தான். அவுகளுக்கும் தெரியும் பொய்ன்னு.

கவுண்டர்ல இருக்கிற பொண்ணு சின்னப் பொண்ணு, மூக்குத்தி போட்டிருக்கா, கம்ப்யூட்டரப் பாத்து உதட்டக் கடிச்சுக்கிட்டு இருக்கா. நெட்டு மெதுவா இருக்கு, செத்த பொறுங்கன்னு எல்லாத்துக்கும் பொதுவா ஒரு தடவ சொன்னா. அவ பக்கத்துத் திரை நம்ம பக்கம் திரும்பி இருக்கு. அதுல ஒரு வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. பக்கத்துல பிள்ளைய மடியில போட்டிருக்கிறவ, மேலப்பாளையமாம், பிள்ள பேர மாத்த வந்திருக்காளாம், என்னக்கா இது ராட்டினம் மாதிரி சுத்துதுன்னு சிரிக்கா. நானும் சிரிச்சு வச்சேன். அந்த வட்டத்த எனக்கு நல்லாத் தெரியும். சத்தி எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. சத்தின்னா எம் மக, பிரம்மசக்தி. கம்ப்யூட்டர் கம்பெனியில வேல, பாதி நாளு வீட்டுல இருந்தே பாப்பா. நீ அப்படி என்னத்தத்தான்டி பொழுதன்னைக்கும் தட்டுதன்னு ஒரு நாள் இடியாப்பம் பிழிஞ்சுக்கிட்டே கேட்டேன். எனக்குப் பாளையங்கோட்டையில நாலு தெருவுக்கு இடியாப்பம் அவிச்சுக் குடுக்கிறதுதான் பொழப்பு, பேச்சியம்மா இடியாப்பம்னா தெரியும். அவ சொன்னா, எம்மா, கடையில டப்பாவுல முறுக்கு போட்டு வச்சிருப்பான்லா, வந்தவனுக்கு எடுத்துக் குடுப்பான், முன்னாடி வெப்சைட்டெல்லாம் அப்படி இருந்துச்சு, எல்லாத்துக்கும் ஒரே முறுக்கு. இப்ப உன் இடியாப்பம் மாதிரி. கேட்ட பெறவுதான் பிழியும். நான் கேட்டா எனக்கு, நீ கேட்டா உனக்கு. மாவு உள்ள ஒரு பெரிய பானையில கெடக்கும், அதுக்குப் பேருதான் டேட்டாபேஸு. வட்டம் சுத்துச்சுன்னா உள்ள பிழிஞ்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், கத்தாம இருன்னா. எடு செருப்பன்னு நான் சொன்னேன், எம் பொழப்ப வச்சே எனக்குப் பாடம் எடுக்கியான்னு. ரெண்டு பேரும் சிரிச்சோம். இந்தா இப்ப அந்த வட்டம் சுத்துது. யாருக்கோ பிழியுது.

அப்ப எம் பிள்ள பேரும் அந்தப் பானையிலதான் கெடக்கு. இது எனக்கு ரொம்பப் பிந்திதான் ஒறைச்சுது. அவ போன பெறவும் துணிக்கடையில இருந்து, அன்புள்ள பிரம்மசக்தி, உங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துன்னு வந்துச்சு. முதல்ல எனக்கு ஆத்திரம், எந்தப் பய அனுப்புதான்னு. பெறவுதான் பட்டுச்சு, எந்தப் பயலும் அனுப்பல. தேதி வந்துச்சு, பானையில கைய விட்டுச்சு, பிழிஞ்சு அனுப்பிருச்சு. சாவு செய்தி அதுக்கு யாரு சொன்னா. நம்ம சொந்தத்துல ஒருத்தருக்குத் துட்டி சொல்லாம விட்டா வருசக்கணக்கா மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிவாக. இதுகளுக்கு ஒருத்தரும் துட்டி சொல்லல. அதனால இதுக இன்னும் அவ இருக்கான்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு. நான் அன்னைக்கு அந்த வாழ்த்த அழிக்கல. அவ இருக்கான்னு நெனைக்கிற ஒண்ணு இந்த உலகத்துல இருக்குதேன்னு வச்சுக்கிட்டேன். மேலப்பாளையத்துக்காரி கேக்கா, உங்களுக்கு என்னக்கா மாத்தணும். நம்பருன்னேன். அது லேசு வேல, சட்டுனு முடிஞ்சிரும்னு சொல்லுதா. லேசு வேலதான்.

கூடை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. இல்ல, எங் காலுதான். எங்க வீட்டுல கேஸு, ரேஷன், பேங்கு, கரண்டு, அவுக பென்சன் எல்லாத்துக்கும் சத்தி நம்பர்தான். காலேஜ் படிக்கயில வாங்குன நம்பரு. எல்லாத்துலயும் இத ஏத்தி வச்சவ அவதான். இந்த நம்பர்தான் நம்ம வீட்டுக்குச் சாவி, எவன் என்ன கேட்டாலும் இதச் சொல்லுன்னு சொல்லிச் சொல்லி எனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம் ஆயிட்டு. பெறவு கம்பெனியில புது போனும் புது நம்பரும் குடுத்தாக. அப்ப இந்தப் பழைய போன அடுப்படியில பெருங்காய டப்பா பக்கத்துல ஒரு பையத் தச்சு ஆணியில மாட்டுனா. வீட்டு வேலைக்கு இது, என் வேலைக்கு அதுன்னா. மெசேஜ் வந்தா டிங்குன்னு ஒரு சத்தம் வரும். ஆவி சத்தத்துல எனக்கு எங்க கேக்கு. கேஸுக்காரன் வாசல்ல நின்னு ஓடிபி ஓடிபின்னு கத்துவான், நான் டிங்கு வரலையேன்னு நிப்பேன். ஒரு நாள் அவ போன வாயிகிட்ட வச்சு என்னமோ பேசுனா. மறுநா நான் தேங்காப்பால் பிழிஞ்சுக்கிட்டு நிக்கேன், எம்மா, ஓடிபி வந்திருக்கு, பாருன்னு காதுகிட்ட கேக்கு. திரும்பிப் பாத்தா ஆளக் காணும். அறைக்குள்ள கெடந்து சிரிக்கா கழுத. அவ கொரலத்தான் மெசேஜ் சத்தமா வச்சிருக்கா. பேங்குல இருந்து வந்தாலும் அதுதான், விளம்பரம் வந்தாலும் அதுதான். எம்மா, ஓடிபி வந்திருக்கு, பாரு. அது முடியிற எடத்துல தூரத்துல ஒரு கொரல் என்னட்டிங்கும். அது நான். அவ பேசிப் பதியும்போது என்னத்தான் கூப்பிடுதான்னு நெனைச்சு அடுப்படியில நின்னு கேட்டிருக்கேன். அதையும் சேத்துப் பிடிச்சு வச்சிருக்கு.

சவம், எந்நேரமும் கத்திக்கிட்டுக் கெடக்கு, தூக்கிக் கெணத்துல போடுட்டின்னு எத்தன தடவ ஏசியிருக்கேன். எங்க ஊருல எதுக்கெடுத்தாலும் சவம்தான். பாலு பொங்குனா சவம், பஸ்ஸு நிக்காமப் போனா சவம். இப்ப அந்தச் சொல்லு தொண்ட வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருது. வெறும் காய்ச்சல்தான். வெறும் காய்ச்சல்னுதான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனோம். அங்க சீட்டு போடயில நம்பர் என்னன்னு கேட்டாக, நான் எம் பாட்டச் சொன்னேன். ரத்தம் எடுத்தாக, தண்ணி ஏத்துனாக, எம்மா கட்டுன சேலையோட எத்தன நேரம் எம் பக்கத்துலயே உக்காந்திருப்ப, போயி ரெண்டு சேல எடுத்துட்டு வா, நாறுதன்னு சொன்னா. அவதான் அனுப்பி வச்சா. நான் வந்து வீட்டத் தெறந்து அடுப்படியில கால வைக்கேன், எம்மா, ஓடிபி வந்திருக்கு, பாருங்குதா. அங்க நாக்கு வறண்டு கெடக்கிறவ கொரலு இங்க தெம்பாக் கேக்கு. எடுத்துப் பாத்தேன், ரத்தத்தோட ரிசல்ட்டாம். என்னென்னமோ இங்கிலீசுல இருந்துச்சு, செவப்புல இருந்துச்சு. எனக்கு விளங்கல. யாருகிட்டயாவது காட்டலாம்னா, எங்க வீட்டுல இதெல்லாம் படிச்சுச் சொல்லுதது அவதானே. போன பைக்குள்ள திரும்ப வச்சிட்டுச் சேலய எடுத்துட்டு ஓடுனேன். அவளுக்கு என்னன்னு அவளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கா. அதுக்குப் பெறவு மூணாம் நாளு விடியல்ல எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒத்தப் பிள்ள. எனக்கு வேற கெடையாது.

ரிசல்ட்ட அவளே சொன்னது கூடப் பரவால்ல. பதினாறு முடிஞ்சு வந்தவுகெல்லாம் போயிட்டாக, நானும் அவுகளும் சோத்துக்கு உக்காந்திருக்கோம். எம்மா, ஓடிபி வந்திருக்கு, பாரு. அவுகதான் எந்திரிச்சுப் போயி எடுத்தாக. கண்ணாடியத் தேடிப் போட்டுப் படிச்சாக. பிரம்மசக்தி அவர்களின் இறப்பு பதிவு செய்யப்பட்டது, சான்றிதழ இந்த இடத்துல எடுத்துக்கலாம்னு போட்டிருக்கு. தான் செத்ததத் தானே கூப்பிட்டுச் சொல்லுதா. இப்படி யாருக்காவது நடக்குமா. சோத்த அப்படியே வச்சிட்டு அவுக தெருவுக்குப் போயிட்டாக, இருட்டுற வரைக்கும் வரல. எனக்கும் அழுக வந்துச்சு, ஆனா அந்த அழுகைக்கு ஊடால ஒரு நெனப்பு ஓடுச்சு, கொரலு நல்லாத்தானே இருக்குன்னு. இதச் சொன்னா என்னப் பைத்தியம்னுதான் சொல்லுவாக. அதுல இருந்து எனக்கும் அவுகளுக்கும் ரெண்டு வழி. அந்தக் கொரலு கேட்டா அவுகளுக்கு நெஞ்சு அடைக்கி. நெசமாவே அடைக்கி, ஏற்கெனவே அடைப்புக்கு நெஞ்சுல கம்பி வல வச்சிருக்கிற மனுசன். எனக்கு அது கேக்காட்டா பொழுது விடியாது. கேஸுக்குப் பதிஞ்சு கேன்சல் பண்ணுவேன். பேங்கு ஆப்புல நம்பரப் போட்டு ஓடிபி வர வைப்பேன். வந்த பெறவு, மறுபடி அனுப்புன்னு ஒரு எடம் இருக்கும், அத அமுக்குவேன். எம்மா, ஓடிபி வந்திருக்கு, பாரு. என்னட்டி. திரும்பவும் அமுக்குவேன். ரொம்ப அமுக்குனா, நெறைய முயற்சி பண்ணிட்டீங்க, நாளைக்கு வாங்கன்னு போடும். நல்லதுன்னு நாளைக்கு வரைக்கும் இருப்பேன். அவுக வெளிய போன நேரமாப் பாத்துத்தான் செய்வேன். ஒரு நாள் குடைய மறந்துட்டுத் திரும்பி வந்தவுக வாசப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டாக.

ஒண்ணும் ஏசல. ஏசியிருந்தா நானும் நாலு வார்த்த திருப்பிக் குடுத்திருப்பேன், வாயில எனக்குக் கொறைச்சலா. போன எடுத்து சட்டப் பையில போட்டுக்கிட்டுப் போனாக, செல்போன் கடையில குடுத்துச் சத்தத்த மாத்திட்டு வாரேன்னு. நான் அடுப்படித் தரையில உக்காந்தேன். மாவு காஞ்சு போச்சு. அவுக திரும்பி வந்து போன பைக்குள்ள வச்சாக. மாத்தியாச்சான்னேன். இல்லன்னாக. கடைக்காரப் பையன் கேட்டிருக்கான், இத எடுத்துட்டு வேற என்ன சத்தம் சார் வைக்கன்னு. மணிச் சத்தம் போட்டுக் காட்டியிருக்கான், குருவிச் சத்தம் போட்டுக் காட்டியிருக்கான். இவுக அங்கயே கடை வாசல்ல உக்காந்து அழுதிருக்காக, நாப்பது வருசம் பஸ்ஸு ஓட்டுன ஆளு. பெறவு ராத்திரி எங்கிட்ட கெஞ்சுனாக. ஏளா, கொரல அழிக்க என்னால முடியாது. அது போனுக்குள்ள இருக்கட்டும், நீ பீரோவுல வச்சுக்க. நம்பர மட்டும் எல்லாத்துலயும் மாத்திருவோம், மொதல்ல ஆதார்ல. மெசேஜ் வராட்டா அது கூப்பிடாதுல்லா. கூப்பிட்டா எனக்குத் திரும்பிப் பாக்கத் தோணுது, பேச்சி. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாக்கேன்னாக. அந்த மனுசன் என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தன காலம் ஆச்சு. சரின்னுட்டேன். சரின்னு சொன்ன வாய அப்பவே அடிச்சுக்கலாம்னு இருந்துச்சு. ஆனா இருக்கிற உசுர நான் பாக்கணும்லா. போனவளுக்காக இருக்கிறவரக் கொல்லவா.

டோக்கன கூப்பிட்டுட்டாக. மேலப்பாளையத்துக்காரி என் முழங்கையத் தட்டி, அக்கா உங்களத்தான்னா. கூடையத் தூக்கிட்டுப் போயி உக்காந்தேன். மூக்குத்திப் பொண்ணு கார்ட வாங்கிப் பாத்துட்டு, பேச்சியம்மாள், சரியா, என்னம்மா மாத்தணும்னா. நம்பருன்னேன். புது நம்பர் சொல்லுங்கம்மான்னா. நான் சொன்னேன். மூச்சு விடாமச் சொன்னேன். அவ தட்டிட்டு என்னப் பாத்தா. அம்மா, இதுதானே ஏற்கெனவே இருக்கு. மறுபடி இதையே சொல்லுதீங்களேன்னா. எனக்கு வெக்கமாப் போச்சு. நம்பருன்னு கேட்டா எனக்கு வேற என்ன தெரியும். எங்க வீட்டுக்காரக எனக்கு வாங்கித் தந்த புது போன இடுப்புல இருந்து எடுத்தேன், அதுக்குப் பின்னால அவுக பிளாஸ்திரிய ஒட்டி அதுல நம்பர எழுதி வச்சிருக்காக. எனக்குச் சொல்லத் தெரியாதுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. பொண்ணு அதப் பாத்துத் தட்டுனா. வட்டம் சுத்துச்சு. இப்ப எனக்குப் பிழியுது. ரேகை மிசின்ல கைய வைங்கம்மான்னா, வச்சேன். செவப்பு. வேற வெரல வைங்கன்னா. அதுவும் செவப்பு. ஆவியில வெந்த கை, ரேகைக்கு எங்க போவேன். இத்தன வருசம் பிழிஞ்ச கையி. எடுக்கலைன்னா விட்டுரும்மா, நான் போயிருதேன்னு சொன்னேன். நெசமாவே சந்தோசமா இருந்துச்சு, அவுககிட்ட கை ஒத்துக்கிடலன்னு சொல்லிறலாம், அது பொய் கூட இல்ல. அவ விடல. நல்ல பிள்ள. இருங்கம்மா, கண்ண வச்சு எடுத்திரலாம்னு ஒரு பெட்டிய எடுத்து மூஞ்சிக்கு நேரா பிடிச்சா.

பெட்டிக்குள்ள இருட்டு. முழிச்சுப் பாருங்கம்மா, இமைக்காதீங்க. முழிச்சேன். அம்மா, கண்ணு ஈரமா இருக்கு, தொடச்சுக்கோங்க, எடுக்க மாட்டேங்குது. தொடைச்சேன். மறுபடி முழிச்சேன். மறுபடி நெறைஞ்சிருச்சு. கண்ணு வலியாம்மான்னு கேக்கா. ஆமான்னேன். பின்னால உள்ளவுக முனங்குதாக. எனக்கு எம் மேலயே கோவம் வந்துச்சு, இம்புட்டு நேரம் அடக்கி வச்சிருந்த மூதி இங்க வந்துதான் அழணுமா, பேச்சியம்மா, முழிச்சுப் பாரு, சட்டியில எண்ணெ தெறிக்கயில எப்படி நிப்ப, அப்படி நில்லு. செல்போன் கடை வாசல்ல உக்காந்து அழுத அந்த மனுசன நெனைச்சேன். இனிமே தட்ட வச்சிட்டு எந்திரிச்சுப் போக மாட்டாக. ஒரு வாய் சோறு முழுசாத் திங்கட்டும். நின்னேன். ஒரு சொட்டு கீழ விழாம நின்னேன். எடுத்துட்டுதும்மா, ஓகே ஆயிருச்சுன்னா. அவ்வளவுதானான்னேன். அவ்வளவுதான், கொஞ்ச நாள்ல மாறிரும், இந்தாங்க ரசீதுன்னா. மாத்தக் கேட்டிருக்குன்னு பழைய நம்பருக்கும் ஒரு மெசேஜ் வரும், வந்தா பயந்துராதீங்க, நீங்கதானே மாத்துனீங்க. பொண்ணு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே குடைக்கும் பாட்டிலுக்கும் துண்டுக்கும் அடியில இருந்து வந்துட்டா. எம்மா, ஓடிபி வந்திருக்கு, பாரு.

அமுக்கி வச்சதால சின்னப் பிள்ள கொரலு மாதிரி இருந்துச்சு. ஃபேன் சத்தத்துக்கு மேல எல்லாத்துக்கும் கேட்டுருச்சு. மேலப்பாளையத்துக்காரி மடியில இருந்த பிள்ள தலையத் தூக்கிப் பாக்கு. பெறவு அந்த இன்னொரு கொரலும் வந்துச்சு, என்னட்டின்னு. அதுல எப்படியொரு அலட்சியம். கூப்பிட்டா இருப்பா, எப்பவும் இருப்பான்னு நெனைச்சுக்கிட்டுக் கேட்டவ அவ. மூக்குத்திப் பொண்ணு முத தடவையாச் சிரிச்சா. உங்க மக கூப்பிடுதாங்க போல, எடுத்துப் பேசுங்கம்மா, ரசீத நான் பிடிச்சுக்கிடுதேன்னா. பேசியாச்சும்மான்னேன். ரசீத வாங்கி மடியில சொருகுனேன். கூடையக் கையில தூக்க முடியல, இடுப்புல வச்சுக்கிட்டுப் படி எறங்குனேன்.